மெடிக்கல் அசிஸ்டன்ட் படிப்பு: கம்யூனிட்டி காலேஜா, தனியார் பள்ளியா, அப்ரன்டிஸ்ஷிப்பா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில், பெல்வியூ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டது, ஊரில் படித்த பி.எஸ்ஸி. பட்டம் பெட்டிக்குள் கிடக்கிறது, ஐ.டி. பக்கம் போக மனமில்லை. "ஒரு வருஷத்துல முடியற மாதிரி ஆஸ்பத்திரி வேலை ஏதாவது இருக்கா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் கிடைக்கும் பதில் மெடிக்கல் அசிஸ்டன்ட்.

க்ளினிக்கில் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எடை, பிரஷர் பார்த்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று கணினியில் ஏற்றிவிட்டுப் போவாரே, பெரும்பாலும் அவர்தான். நர்ஸ் இல்லை. தடுப்பூசி போடுவார், ரத்தம் எடுப்பார், ஈ.சி.ஜி. பிடிப்பார். 2023 கணக்குப்படி நாடு முழுவதுக்குமான நடுநிலைச் சம்பளம் வருடத்துக்கு 42,000 டாலர். பெரிய சம்பளம் இல்லை. அதனால் படிப்புக்கு எவ்வளவு கொட்டுகிறோம் என்பது முக்கியமாகிவிடுகிறது.

வாஷிங்டன் மாநிலத்தில் இந்த வேலைக்குச் சுகாதாரத் துறையிடம் சான்று வாங்கியாக வேண்டும்; 2013 முதல் அப்படித்தான். கலிஃபோர்னியாவில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே ஊசி போடவும் ரத்தம் எடுக்கவும் குறிப்பிட்ட மணிநேரப் பயிற்சி இருந்தால் போதும். சான் ஹோசேயில் இருக்கும் அக்கா சொன்ன வழியை அப்படியே இங்கே பின்பற்றினால் மாட்டிக்கொள்வோம். கீழே இருப்பது வாஷிங்டன் கணக்கு.

முதலில் கம்யூனிட்டி காலேஜ், அதாவது குறைந்த கட்டணத்தில் படிக்கக்கூடிய உள்ளூர் அரசுக் கல்லூரி. லேக் வாஷிங்டன், ரென்டன், நார்த் சியாட்டில், எவரெட் என்று சுற்றுவட்டாரத்திலேயே பல கல்லூரிகளில் இந்தப் படிப்பு உண்டு. மாநிலத்துக்காரர் கட்டணம் வருடத்துக்கு ஏறத்தாழ 5,000 டாலர். புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி. கிரீன் கார்டு இருந்து வருமானமும் குறைவென்றால் மத்திய அரசின் பெல் உதவித்தொகை கிடைக்கலாம்; எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் கணவன் அல்லது மனைவியாக) இருப்பவர்களுக்கு அது கிடையாது, ஆனால் படிக்கத் தடையில்லை.

இதன் குறை, மெதுவு. நினைத்த மாதத்தில் சேர முடியாது. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் ஆள் எடுப்பார்கள். அதற்கு முன் ஆங்கிலம், மருத்துவச் சொற்கள் என்று சில பாடங்களை முடித்திருக்கவும் சொல்வார்கள். ஆனால் இந்த மெதுவில்தான் சரக்கு இருக்கிறது. ஆய்வகத்தில் ஒருவர் கையில் ஒருவர் ஊசி குத்திப் பழகி, அப்புறம் ஒரு க்ளினிக்கில் குறைந்தது 160 மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். அந்த 160 மணி நேரம் நேர்காணல் மாதிரிதான். ஒழுங்காக நேரத்துக்கு வந்து, நோயாளியிடம் முகம் கொடுத்துப் பேசுபவரை அதே க்ளினிக் வேலைக்கு எடுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். "இதை முடிச்சுட்டு அப்படியே நர்சிங் போயிடலாம்" என்ற எண்ணத்தில் சேராதீர்கள். இந்தப் படிப்பில் வரும் உடற்கூறியல் பாடத்தைப் பெரும்பாலும் நர்சிங் சேர்க்கையில் ஏற்க மாட்டார்கள். ஆய்வகத்தோடு கூடிய உயிரியல் பாடங்களைத் தனியாக எடுக்க வேண்டும். நர்ஸ் ஆவதுதான் ஆசை என்றால் முதல் நாளே அந்தப் பாடங்களில் உட்காருங்கள்.

அடுத்தது தனியார் தொழிற்பள்ளி. போன் செய்தால் அன்றைக்கே திருப்பிக் கூப்பிடுவார்கள், அடுத்த மாதமே வகுப்பு, மாலை நேரமும் உண்டு. கட்டணம் 15,000 டாலரைத் தாண்டுவது சகஜம். எல்லாப் பள்ளியும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவரெஸ்ட் என்ற பெயரில் மெடிக்கல் அசிஸ்டன்ட் படிப்பு நடத்திய கொரிந்தியன் நிறுவனம் 2015 ஏப்ரலில் தன்னிடம் மிச்சமிருந்த கிளைகளையெல்லாம் மூடியது. அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அமெரிக்கக் கல்வித் துறை 2022-ல் தள்ளுபடி செய்தது. அதுவரை வருடக்கணக்கில் அந்தக் கடன் தலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான்கே மாதத்தில், வீட்டிலிருந்தே என்று வரும் ஆன்லைன் விளம்பரங்களும் இந்த வகைதான். சான்றிதழ்த் தேர்வு எழுத விடுவார்கள், அது உண்மை. ஆனால் இந்த மாநிலச் சான்றுக்குத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது, பயிற்சியையும் பார்ப்பார்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரிப் படிப்பு இல்லையென்றால் 720 மணி நேரப் பயிற்சி காட்ட வேண்டும், அதில் 160 க்ளினிக்கில். பணம் கட்டும் முன் "க்ளினிக் இடத்தை நீங்கள் பிடித்துத் தருவீர்களா, நான் தேடிக்கொள்ள வேண்டுமா?" என்று கேளுங்கள். "நாங்க உதவி பண்ணுவோம்" என்று இழுத்தால் தேடப்போவது நீங்கள்தான்.

மூன்றாவது அப்ரன்டிஸ்ஷிப், அதாவது வேலையில் இருந்துகொண்டே கற்றுக்கொள்வது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சமூக சுகாதார மையங்களின் சங்கமும் மருத்துவப் பணியாளர் யூனியனின் பயிற்சி நிதியமும் இதை நடத்துகின்றன. முதல் நாளிலிருந்தே சம்பளம். சங்கத்தின் திட்டத்தில் 2,000 மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே பாடமும் படிக்க வேண்டும். பணக் கணக்கில் இதற்கு ஈடு கிடையாது. பிரச்சினை, உள்ளே நுழைவது. ஒரு க்ளினிக் உங்களைத் தேர்ந்தெடுத்தால்தான் இடம். ஏற்கெனவே அங்கே வரவேற்பறையில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். வேலை அனுமதியும் வேண்டும், ஆக ஈ.ஏ.டி. (வேலை அனுமதி அட்டை) இல்லாத எச்-4 காரர்களுக்கு இந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது. முழுநேர வேலைக்கு மேல் படிப்பு என்றால் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

படிப்பே இல்லாமல் க்ளினிக் பரிந்துரையில் "ரிஜிஸ்டர்டு" ஆகும் வழியும் உண்டு. அது அந்த க்ளினிக்கோடு கட்டிப்போட்ட பதிவு, வேலை மாறினால் மறுபடி முதலிலிருந்து.

என் கணக்கில் வேலை அனுமதி இருந்தால் முதலில் அப்ரன்டிஸ்ஷிப்புக்கு முயற்சி செய்யலாம். ஆறு மாதத்தில் ஒன்றும் அசையவில்லையென்றால் கம்யூனிட்டி காலேஜ். அனுமதி இல்லாதவர்கள் நேராகக் காலேஜுக்கே போகலாம், படிக்கும் நேரத்தில் கையில் ஈ.ஏ.டி. வந்தாலும் வரலாம். தனியார் பள்ளியை மாலை நேரம் மட்டுமே ஒத்துவரும் என்ற நிலையில்தான் நான் பார்ப்பேன்.

எந்த வழியானாலும் தடுப்பூசி அட்டையை இப்போதே தேடி எடுங்கள். ஹெபடைட்டிஸ் பி வழக்கமாக மூன்று டோஸ், முடிக்க ஆறு மாதம் ஆகும்; இதனாலேயே ஒரு குவார்ட்டரை (கல்லூரிப் பருவத்தை) தவறவிடுபவர்கள் உண்டு. காசநோய்ச் சோதனையும் கேட்பார்கள். நமக்குப் பிறந்தவுடனே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை வீங்கிக் காட்டலாம், அப்புறம் எக்ஸ்ரே, அலைச்சல். குவான்டிஃபெரான் ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. குழப்பாது. டாக்டரிடம் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள்.