புதிய ஸ்பிரிங் என்று சொல்லி எனது ஸ்பிரிங்கையே வெட்டி மாட்டினார்கள்: கார் தாழ்த்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

எனது 1999ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் காரைத் தரைக்குக் கிட்ட நிற்கும்படி தாழ்த்தித் தருமாறு மாசி மாதம் மட்டக்களப்பு நகருக்கு வெளியே உள்ள ஒரு கராஜில் ஒப்படைத்தேன். நாற்பது மில்லிமீற்றர் தாழ்த்தும் புதிய ஸ்பிரிங்குகள் நான்கு பொருத்துவதாகச் சொல்லி 85,000 ரூபா வாங்கினார்கள். காரில் ஏற்கெனவே இருந்த ஸ்பிரிங்குகளையே ஒன்றரைச் சுற்று வெட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்து, திரும்ப மாட்டியிருந்தார்கள் என்பதை அறிய எனக்கு ஏழு மாதங்கள் எடுத்தன. அந்த ஏழு மாதங்களில் மேலும் 96,000 ரூபாவை அதே இடத்தில் கொடுத்திருந்தேன்.

முதல் வாரத்திலேயே, பெற்றோரையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் போகும் வழியில், ஆரையம்பதி தாண்டி ஒரு வேகத்தடையில் முன்பக்கத்திலிருந்து இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் எழுந்தது. தனியாக ஓட்டும்போது அந்தச் சத்தம் அரிதாகவே கேட்டது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷொக் அப்சோபர் பழுதென்று சொல்லி, பாவித்த ஜப்பான் ஷொக் ஒரு சோடிக்கு 42,000 ரூபா வாங்கினார்கள். சத்தம் போகவில்லை. பிறகு டயர் மட்காட்டில் உரசுகிறது என்று சொல்லி 195/55 அளவிலான முன் டயர்கள் இரண்டையும் கழற்றி, அதே பதினைந்து அங்குல ரிம்மில் பக்கச்சுவர் சற்றுக் குட்டையான 195/50 டயர்களை 48,000 ரூபாவுக்குப் போட்டார்கள். இந்த மாற்றத்தால் டயருக்கு மேலே கிடைக்கும் இடைவெளி பத்து மில்லிமீற்றர்கூட இல்லை. அதைவிட முக்கியமானது, கழற்றிய டயர்களின் தோளிலோ மட்காட்டின் உட்புறத்திலோ உரசிய அடையாளம் எதுவும் இருக்கவில்லை. அன்று அதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பணமாவது மிஞ்சியிருக்கும். சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் வீல் எலைன்மென்ட் என்று மூன்று தடவையில் ஆறாயிரம் ரூபா போனது. இறுதியாக, பம்ப் ரப்பர்தான் சத்தம் போடுகிறது என்று சொல்லி, அதை வெட்டி எறிந்தார்கள். இதை மோசடி என்பதைவிட ஆபத்து என்றே சொல்ல வேண்டும். சக்கரம் மேலே ஏறும்போது கடைசியில் அதைத் தாங்கி நிறுத்துவது அந்த ரப்பர்தான். அது இல்லாமல் போன மூன்று வாரத்தில் ஷொக் ஒன்று அடிமுட்டி ஒயில் ஒழுகத் தொடங்கியது.

களுவாஞ்சிகுடியில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனபோது, அவர் எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்லவில்லை. சத்தம் எப்போது வருகிறது என்று மட்டும் நெடுநேரம் விசாரித்தார். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிப் பின்னே எடுக்கும்போது வந்தால் டயர் மட்காட்டின் உள் லைனரில் தொடுகிறது என்றும், நேராகப் போகையில் சுமையோடு மேட்டில் ஏறி இறங்கும்போது வந்தால் சக்கரம் மேலே அசைய இடம் போதவில்லை என்றும் விளக்கினார். பின்னர் முன்பக்கத்தை உயர்த்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, "இஞ்ச கைய வெச்சுப் பாருங்க மனே" என்றார். ஸ்பிரிங் கையால் சுழன்றது. சக்கரம் முழுவதும் தொங்கும்போதும் ஸ்பிரிங் தனது இருக்கையில் இறுகி நிற்க வேண்டும். வெட்டிக் குட்டையான ஸ்பிரிங் அப்போது தளர்ந்து, இருக்கையை விட்டு விலகவும் கூடும். பெயின்டைச் சுரண்டியபோது அடியில் கம்பனி ஸ்பிரிங்கில் இடும் பழைய நிறப்புள்ளி அப்படியே இருந்தது. வெட்டிய முனையில், காஸ் நெருப்புப் பட்ட இரும்பில் வரும் நீலம் தெரிந்தது. அந்தச் சூட்டில் ஸ்பிரிங் உருக்கின் பதம் கெட்டுவிடும்.

அடுத்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷொக்கை மட்டும் மாட்டி, ஜக்கினால் சக்கரத்தை மெல்ல மேலே தூக்கினார். சக்கரத்தை மேற்புறத்தில் காரோடு இணைக்கும் அப்பர் ஆர்முக்கும் அதற்கு மேலிருந்த காரின் உடல் தகட்டுக்கும் நடுவே களிமண் உருண்டை ஒன்றை வைத்திருந்தார். களிமண் முற்றாக நசுங்கி, இரும்பு இரும்பைத் தொட்டது. அந்த இடத்தில் பெயின்ட் உரிந்து பளபளத்ததையும் விளக்குப் பிடித்துக் காட்டினார். கார் சும்மா நிற்கும் உயரத்திலிருந்து அந்த இடம் வரை அளந்தால் 25 மில்லிமீற்றர்தான். நாற்பது என்று சொல்லிவிட்டு 55 மில்லிமீற்றர் தாழ்த்தியிருந்தார்கள். அதாவது, முன்பு இருந்த மேலசைவில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வெட்டினால் ஸ்பிரிங் விறைக்கும், ஆகவே பரவாயில்லை என்று பலர் சொல்வதுண்டு. வேலை செய்யும் சுற்றுகள் ஆறில் ஒன்றரை போனால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குதான் கூடும். பறிபோன அசைவை அது ஈடுசெய்யாது.

இன்னொரு பிழையையும் அவர் கண்டார். ஆர்ம்களின் மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கியிருந்ததால், கார் தரையில் இறங்கியதிலிருந்து புஷ்களின் ரப்பர் ஓயாமல் முறுக்கிக்கொண்டிருந்து, இரண்டு புஷ்கள் கிழிந்துவிட்டன. அந்தப் போல்ட்டுகளைக் கார் தனது பாரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்ததற்குத் தாழ்த்தியதால் கூடிய கெம்பரோடு, அதாவது சக்கரத்தின் உட்சாய்வோடு, இந்தப் புஷ்களும் காரணம். எலைன்மென்ட் மூன்று தடவை செய்தும் ஒருநாளும் அளவுத்தாளை எனக்குத் தரவில்லை.

இப்போது வேறொரு சிவிக்கிலிருந்து எடுத்த வெட்டாத ஸ்பிரிங்குகளும் புதிய பம்ப் ரப்பர்களும் புஷ்களும் போடப்பட்டுள்ளன. கார் பழைய உயரத்தில் நிற்கிறது. நால்வர் ஏறினாலும் சத்தமில்லை.

முதல் கராஜ் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு மாறான பொருளையோ சேவையையோ பற்றிய முறைப்பாட்டை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஸ்பிரிங் வேலையைப் பொறுத்தவரை அந்தக் காலத்தை நான் கடத்திவிட்டேன். என்னிடம் இருப்பதும் பாகத்தின் பெயரோ இலக்கமோ இல்லாத ஒரு துண்டுச்சீட்டுத்தான். 1977 என்ற இலக்கத்தில் அதிகாரசபையை அழைக்கலாம். வேலை முடிந்த அன்றே பற்றுச்சீட்டில் ஸ்பிரிங்கின் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகள் நான்கையும் கேட்டு வாங்குங்கள். அவற்றைத் தர முடியாது என்று சொன்னால், அவை உங்கள் காரிலேயே இருக்கலாம்.

கடந்த ஒரு வருடத்துக்குள் இந்தப் பகுதியில் எங்காவது காரைத் தாழ்த்தியவர்கள், முன்பக்கத்தை உயர்த்தி, ஸ்டாண்ட் வைத்துவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால், அதைச் சரிசெய்யும்வரை பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்ற வேண்டாம்.