நாய்க்கா, பூனைக்கா என்று கேட்டு வெட்டித் தரும் கறிக்கடை

மதுரையில் கறிக்கடைக்குப் போய் "நாய்க்கு வேணும்" என்று சொன்னால் பல கடைகளில் தோல், கால், குடல் என்று அன்றைக்குக் கழித்துப் போட்டதையெல்லாம் ஒரு பையில் அள்ளிப் போட்டு எடை போட்டுவிடுவார்கள். நெல்பேட்டையில், யானைக்கல் பக்கமிருந்து உள்ளே வந்தால் இருக்கும் ஒரு சின்னக் கடையில் மட்டும் பாய் முதலில் கேட்பது, "நாய்க்கா அக்கா, பூனைக்கா?" இந்தக் கேள்விக்காகவே வில்லாபுரத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன். வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே பையில் வாங்கினால் சரிவராது.

நாய்க்கு என்றால் தோல் உரித்த கோழித் தொடைக்கறி, இரைப்பை, கொஞ்சம் இருதயம், கொஞ்சம் ஈரல். பூனைக்கு என்றால் இருதயத்தைக் கூடப் போட்டு, துண்டுகளைப் பொடியாக நறுக்கி, தனிப் பையில் கட்டித் தருவார். ஏன் என்று கேட்டேன். "ஹார்ட்டு கூடப் போடணும்க்கா, பூனைக்குக் கண்ணு மங்காம இருக்கும்னு ஒரு டாக்டர் சொன்னாரு" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்து வந்தே ஆக வேண்டும், அதன் உடம்பு தேவையான அளவுக்குத் தானே தயாரித்துக்கொள்ளாது. அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசையும் தளர்ந்து வீங்கும். 1987-இல்தான் பூனைகளின் அந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இருதயத்தில் அது நிறைய இருக்கிறது. ஆனால் வேகவைக்கும்போது தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் அந்தச் சாற்றைக் கொட்டாமல் கறியோடு சேர்த்தே வைக்கவேண்டும். பூனைக்குச் சோறும் தயிரும் போட்டே வளர்க்கிறவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் இதைச் சொல்லாமல் எனக்கு மனசு கேட்பதில்லை.

நாய் கதை வேறு. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குக் கூடியிருக்கிறது என்று 2013-இல் ஆய்வு வந்தது. ஆகவே கம்பங்கூழ் ஊற்றி வேட்டை நாய் வளர்த்த நம் பக்கத்துப் பெரியவர்களை யாரும் குறை சொல்லவேண்டியதில்லை, கூழோடு கறியும் போதுமான அளவு கிடைத்தால் நல்லதுதான். என் வீட்டில் கறி பாதிக்குமேல், மீதி சோறு, பூசணி, கேரட். உப்பு கிடையாது. வெங்காயமும் பூண்டும் கண்டிப்பாகக் கூடாது, அவை ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும்.

ஈரலில் பாய் கை கொஞ்சம் தாராளம். மொத்தக் கறியில் இருபதில் ஒரு பங்கு போதும் என்று சொல்லி வாங்குங்கள், ஏனென்றால் ஈரலில் இருக்கும் ஏ வைட்டமின் அளவுக்குமேல் சேர்ந்துகொண்டே போனால் பூனைக்குக் கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொண்டு தலை திருப்ப முடியாமல் போகும். அப்புறம், கூட்டமான ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்துத் துண்டும் சேர்ந்து வந்துவிடுகிறது. வெந்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும், எனவே சமைக்கும் முன் பையைக் கொட்டிக் கையால் தடவிப் பார்த்தே அடுப்பில் வைக்கிறேன். கடையில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். பில் தருவதில்லை என்பதைக் குறையாக நான் சொல்லமாட்டேன், எடை சரியாக இருக்கிறது.

எலும்பை எடுத்துவிட்டால் சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், எங்கிருந்து வரும்? வெறும் கறியில் கால்சியம் துளிதான் இருக்கும், பாஸ்பரஸ் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும். இதைக் கவனிக்காமல் குட்டிக்கு "சிக்கனும் சோறும்" மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் கால் வளைந்துவிடும். நான் முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து வைத்துக்கொள்கிறேன், எலும்பில்லாத கறி ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன். அதில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் கால்சியம் வந்துவிடும். குட்டிகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவற்றுக்கும் இந்தக் கணக்கு ஆகாது, கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டே கொடுங்கள். இவ்வளவு பார்க்க நேரமில்லாதவர்கள் நல்ல ட்ரை ஃபுட்டே போடலாம், அரைகுறையாகச் சமைத்த வீட்டுச் சாப்பாட்டைவிட அது எவ்வளவோ மேல்.

பச்சையாகவே போடலாமா என்று கடையில் நிறையப் பேர் கேட்கிறார்கள். இயற்கை உணவு என்றால் பச்சைக் கறிதான் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பச்சைக் கறியில் சால்மோனெல்லா என்ற கிருமி இருந்தால் அந்தக் கிண்ணத்தைக் கழுவுகிற நமக்கும் தரையில் தவழும் பிள்ளைக்கும் சேர்த்தே வரும், அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2012-இலேயே வேண்டாம் என்றுதான் சொன்னது. நம் வெயிலில் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

விலை, சாதாரணக் கோழிக்கறி விலையில் பாதிக்கும் கீழே வருகிறது. நாயின் முடி பளபளப்பாகியிருக்கிறது, முன்பு ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தது இப்போது இல்லை. போகிறவர்கள் காலையிலேயே போங்கள், இருதயம்தான் முதலில் தீர்ந்துபோகும். சில்வர் தூக்கோ ஐஸ் போட்ட பெட்டியோ கொண்டுபோங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் சமயம் அந்தப் பக்கம் வண்டி நுழையாது, முந்தின வாரமே வாங்கி வேகவைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.