கண்டியில் ‘போர் வரலாற்றுச் சுற்றுலா’: முற்பணம் கட்டும் முன் வாசியுங்கள்

என் பெரியப்பாவின் மகன் ஏழு வயதில், மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ், ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறியவர். பின்னர் இந்திய இராணுவத்தில் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றுக் கோத்தகிரியில் வசிக்கிறார். கடந்த மாதம் குடும்பத்துடன் எங்களைப் பார்க்க வந்தவர், பழைய தலைநகரான கண்டியில் நடந்த போர்களின் தடங்களை இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்று கேட்டார். முகநூல் விளம்பரத்தில் அகப்பட்ட ஒரு வேன் நிறுவனம், வழிகாட்டியோடு சேர்த்து ஆறு பேருக்கு 60,000 ரூபாய் கேட்டது. பற்றுச்சீட்டு இல்லாமலேயே 35,000 ரூபாயை முற்பணமாக அனுப்பினேன். முதல் தவறு என்னுடையது.

சனிக்கிழமை விடியற்காலை புறப்பட்டு, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனையை அடைந்தோம். தாவரவியல் பூங்காவை ஆறு சுற்றிக்கொண்டு போகும் அந்த இடத்துக்கு எதிர்க்கரைதான் கன்னொருவை. 1638 மார்ச் 28இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயப் படையை முறியடித்து, அதன் தளபதி தியோகோ டி மெலோவைக் கொன்ற களம் அது. வேன் நிற்கவில்லை. “முதலில் முக்கியமான இடம்” என்று சொல்லி, கண்டி நகரையும் கடந்து, மாத்தளை வீதியிலுள்ள ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் எங்களை இறக்கினார் வழிகாட்டி. அங்கே இரண்டு மணி நேரம் போனது. அண்ணி மூட்டுவலி எண்ணெய் முதலியவற்றுக்கு 18,500 ரூபாய் கொடுத்தார். அதன் பிறகு ஓர் இரத்தினக்கல் கடை. இந்தக் கடைகளில் வழிகாட்டிகளுக்குத் தரகு கிடைக்கும் என்பது மலையகத்தில் யாரும் அறியாத இரகசியம் அல்ல. ஆயினும் அண்ணனுக்கு முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிற்பகலில்தான் கண்டி வாவிக்கு வந்தோம். கரையிலிருந்த பெரிய மரம் ஒன்றைக் காட்டி, 1803இல் பிரித்தானிய மேஜர் டேவியின் படை இந்த வாவியைக் கடக்க முடியாமல் சிக்கி அழிந்தது என்றும், இதுவே ‘டேவியின் மரம்’ என்றும் வழிகாட்டி விளக்கினார். உண்மையில் சரணடைந்து வெளியேறிய அந்தப் படையைத் தடுத்தது பெருக்கெடுத்திருந்த மகாவலி ஆறு; படுகொலை நடந்தது நகருக்கு வெளியே வட்டபுலுவையில். வாவியையோ கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1807இல்தான் கட்டத் தொடங்கினான். இல்லாத வாவியில் ஒரு படையை மூழ்கடித்த பெருமை நம் வழிகாட்டியையே சேரும்!

தலதா மாளிகைக்குப் பின்புற மேட்டிலுள்ள பிரித்தானியப் படையினரின் பழைய மயானத்தில் விடயம் வெளிப்பட்டது. வாசலுக்கு வெளியே தலைக்கு 1,500 ரூபாய் வீதம் 9,000 ரூபாயை ‘நுழைவுக் கட்டணம்’ என்று வாங்கிக்கொண்டார். சீட்டு எதுவும் தரவில்லை. உள்ளே ஒரு நினைவுச் சின்னத்தைக் காட்டி “மேஜர் டேவியின் கல்லறை” என்றார். அண்ணன் குனிந்து கல்வெட்டை வாசித்தார்: ஜோன் டொய்லி, 1824. கண்டி அரசு ஆங்கிலேயரிடம் போவதற்கு உளவாலும் பேச்சுவார்த்தையாலும் வழி திறந்த அதிகாரி அவர். 1815 மார்ச் 2ஆம் திகதி அரண்மனையின் மகுல் மடுவை மண்டபத்தில் கைச்சாத்தான ஒப்பந்தத்துக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. டேவி அதற்கு முன்பே கண்டியரின் கைதியாக இறந்துவிட்டார். அப்போது அருகே வந்த பராமரிப்பாளர், இங்கே கட்டணமே கிடையாது, விரும்பியவர்கள் நன்கொடை கொடுக்கலாம் என்றார். பெரும்பாலானோர் போரில் அல்ல, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் இளம் வயதில் இறந்தவர்கள் என்று, கல்லறை கல்லறையாக அவர்தான் பொறுமையோடு சொல்லித் தந்தார். வழிகாட்டி அதற்குள் வேனுக்குப் போய்விட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “மறுநாள் பார்க்கலாம், உலகப் போர் மயானம் ஞாயிறு பூட்டியிருக்கும், ஆகவே ‘பட்டிக்’ துணிக் கடைக்குப் போவோம்” என்றார். மிகுதிப் பணம் தரமாட்டோம் என்று சொல்லி, அன்றிரவே அவரை அனுப்பினோம். நிறுவனத்தை அழைத்தால், அந்த ஆள் தங்களுடைய ஊழியரே அல்ல என்கிறார்கள். முற்பணத்தைப் பற்றிக் கேட்டால் அழைப்பு துண்டிக்கப்படுகிறது.

ஞாயிறு ஒரு முச்சக்கர வண்டியை நாள் வாடகையாக 4,500 ரூபாய்க்குப் பேசினோம். போர் மயானம் திறந்தே இருந்தது. அங்கும் கட்டணம் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றிய பின் கண்டி ஒரு படை நகரமாகவே இருந்தது. ஆங்கிலேயரோடு இந்தியரும் கிழக்கு ஆபிரிக்கரும் இலங்கையரும் அங்கே வரிசையாகக் கிடக்கிறார்கள். அண்ணன் இந்திய வீரர்களின் வரிசையில் வெகுநேரம் நின்றார். நாங்கள் மரநிழலில் காத்திருந்தோம்.

வழிகாட்டியை அமர்த்துவோர், இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழங்கும் அடையாள அட்டையை முதலில் கேளுங்கள். பார்க்க வேண்டிய இடங்களைப் பெயரோடு எழுதி வாங்குங்கள், கடைகள் வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சீட்டு இல்லாத கட்டணம் எதையும் கொடுக்காதீர்கள். சுற்றுலா முறைப்பாடுகளுக்கு 1912, நுகர்வோர் முறைப்பாடுகளுக்கு 1977. இரண்டிலும் முறையிட்டிருக்கிறேன். அந்த விளம்பரம் நேற்றும் முகநூலில் ஓடிக்கொண்டிருந்தது, வாவிக்கரை மரத்தின் படத்தோடு.