கிரைண்டிங்குக்குக் கொடுத்தது என் கிராங்க், திரும்பி வந்தது யாருடையதோ

பழைய பிக்கப், ஜீப், டிராக்டர் எதற்காவது வீட்டிலேயே என்ஜின் வேலை பார்க்க நினைக்கிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். மற்றவர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது.

வண்டி டாடா 207 டிஐ பிக்கப், 2004 மாடல். அப்பா ஷோரூமில் புதிதாக எடுத்தது. சத்தியமங்கலம் பக்கம் வாழைத்தார், மாட்டுத்தீவனம், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று அது ஏற்றாத லோடு கிடையாது. போன வருடத்திலிருந்து ஆயில் குடிக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வாசல் முழுக்க நீலப் புகை, ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று காற்று அடிக்கும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், இந்தப் புகையோடு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்க முடியாது.

மெக்கானிக் கூலியே இருபதாயிரம் கேட்டார். நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவன், மச்சான் வேறு வேலையில்லாமல் சும்மா இருந்தான், சரி நாமே இறக்கிவிடலாம் என்று கொட்டகை கர்டரில் செயின் பிளாக் கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ஜினை வெளியே எடுத்துவிட்டோம். ஹெட்டைக் கழற்றி சிலிண்டரின் மேல் ஓரத்தில் நகத்தை வைத்துப் பார்த்தால் படி மாதிரி தட்டியது, அவ்வளவு தேய்மானம். கிராங்க், அதாவது பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, பரவாயில்லை. மூன்றாவது ஜர்னலில் (பேரிங் உட்காரும் உருண்டை இடம்) மட்டும் நான்கைந்து கோடு. பழைய பேரிங்கைத் திருப்பிப் பார்த்தேன், முதுகில் எஸ்டிடி, ஸ்டாண்டர்ட் சைஸ், என்று அடித்திருந்தது. அதாவது கம்பெனியிலிருந்து வந்தபின் யாரும் அரைக்கக் கல் வைக்காத கிராங்க். 0.25 மில்லி ஒரு தடவை அரைத்து அந்த சைஸ் பேரிங் போட்டால் போதும், அதற்குப் பிறகும் 0.50, 0.75 என்று சைஸ் பாக்கி இருக்கும், என் காலம் முழுக்க ஓடும் என்று அப்பாவிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

வீட்டில் என்னதான் வேலை பார்த்தாலும் இரண்டு வேலைக்கு வெளியே போய்த்தான் ஆக வேண்டும்: போரிங் (தேய்ந்த சிலிண்டரைக் கடைவது), கிராங்க் கிரைண்டிங் (ஜர்னலைக் கல்லில் அரைப்பது). ஈரோட்டில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் இறக்கினேன். (எந்தப் பட்டறை என்று இங்கே எழுதவில்லை, புகார் போயிருக்கிறது, தயவுசெய்து இன்பாக்ஸில் கேட்காதீர்கள்.) போரிங் 3,200, கிரைண்டிங் 2,400, பேரிங் செட்டும் அவர்களே வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். ஒரு துண்டுச்சீட்டில் பென்சிலால் கூட்டிப்போட்டுக் கொடுத்தார், நானும் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பில் கேட்கவில்லை. பதினெட்டு பர்சென்ட் மிச்சம் என்று நினைத்தேன், ஆமாம்.

நான்கு நாளில் எல்லாம் வந்துவிட்டது. போரிங் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். ரிங்கை உள்ளே விட்டு பிஸ்டனைக் கவிழ்த்துத் தள்ளிச் சமமாக்கி ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தேன், நான்கு சிலிண்டரிலும் ரிங் வாயின் இடைவெளி 0.35 மில்லி பக்கம், ஹோனிங் கோடும் குறுக்கும் நெடுக்குமாக அழகாக இருந்தது. அதைப் பார்த்த திருப்தியில்தான் கிராங்க்கை நான் சரியாகப் பார்க்கவில்லை. பளபளவென்று எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வந்தது. பேரிங் பெட்டியில் 0.25 என்று ஸ்டிக்கர். மச்சான் துடைத்துத் துடைத்துக் கொடுக்க, நான் பேரிங்கின் காதைப் பள்ளத்தில் பார்த்து உட்கார வைத்துக்கொண்டே போனேன், பழைய பேரிங்கைத் திருப்பிப் பார்த்தவனுக்குப் புதுசின் முதுகைப் பார்க்கத் தோன்றவில்லை. கேப் எல்லாம் டார்க் ரெஞ்சில் முறுக்கிவிட்டு கையால் சுற்றினேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. போதாதா?

என்ஜின் ஸ்டார்ட் ஆன அன்றைக்கு அம்மா சூடம் கொளுத்தினாள். புகை இல்லை, சத்தம் இல்லை, ஆயிரம் கிலோமீட்டர் லோடு ஏற்றாமல் மெதுவாகவே ஓட்டினேன். 1,100 தாண்டும்போது பண்ணாரிக்கு முன்னால் சிக்னல் மாதிரி ஆயில் லைட் மினுக்கியது, ஐடிலில் மட்டும், சூடானால் மட்டும். ஒரு வாரம் கழித்து லோடோடு ஏற்றத்தில் கீழிருந்து டொக்டொக். அந்தச் சத்தம் தெரிந்தவனுக்கு வயிறு கலங்கும்.

மறுபடியும் சம்ப்பைக் கழற்றினோம். கான்ராடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) பேரிங்கை எடுத்துத் திருப்பினால் முதுகில் 0.75. பெட்டி 0.25, உள்ளே இருப்பது 0.75. கோபியில் லேத் வைத்திருக்கும் நண்பனைக் கூப்பிட்டேன், மைக்ரோமீட்டரோடு வந்தான். ஜர்னல்கள் எல்லாம் ஸ்டாண்டர்டிலிருந்து முக்கால் மில்லி குறைவு, அது போக ஒரு ஜர்னலில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 0.06 வித்தியாசம். கூம்பு மாதிரி அரைத்திருக்கிறார்கள். பேரிங்கின் ஒரு ஓரம் மட்டும் வெள்ளை போய்ச் செம்பு தெரிந்தது.

முதலில் தப்பாக அரைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். என் மகள் போனில் இருந்த ஒரு போட்டோதான் விஷயத்தை உடைத்தது. என்ஜின் இறக்கிய அன்று அவள் விளையாட்டாக எடுத்தது, கிராங்க் பக்கத்தில் எங்கள் பூனை உட்கார்ந்திருக்கிறது. பூனைக்குப் பின்னால், கிராங்க்கின் முன்பக்கத்து வெயிட்டில் (எதிர் எடை), மச்சான் சுத்தியல் நழுவி விழுந்த அரைநிலா மாதிரித் தழும்பு. கையில் இருக்கும் கிராங்க்கில் அந்த இடம் மொழுமொழுவென்று இருக்கிறது.

பட்டறைக்குப் போனேன். "எங்க பட்டறைக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராங்க் வருதுங்க, அதெல்லாம் மாறாதுங்க" என்றார். போட்டோவைக் காட்டினேன். "இது எந்த வண்டிது, எப்ப எடுத்ததுன்னு யாருக்குங்க தெரியும்?" அப்புறம் குரலை இறக்கி, வேண்டுமானால் கிரைண்டிங் கூலியைத் திருப்பித் தருகிறேன், சாமி சத்தியமா தெரியாதுங்க என்றார். 2,400 ரூபாய். கல் வைக்காத ஸ்டாண்டர்ட் கிராங்க்குக்கு.

வரும் வழியில்தான் கணக்குப் புரிந்தது. பிளாக்கில் என்ஜின் நம்பர் இருக்கும், ஆர்சியிலும் இருக்கும், அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். கிராங்க்குக்கு அப்படி உங்கள் பெயரைச் சொல்ல எதுவுமே கிடையாது. அதில் அடித்திருக்கும் எண்ணும் அந்த மாடல் கிராங்க் எல்லாவற்றிலும் இருப்பதுதான். கடைசி சைஸுக்கு வந்துவிட்ட கிராங்க்கோடு இன்னொருத்தர் வந்திருப்பார், அவருக்கு என்னுடையது நல்ல விலைக்குப் போயிருக்கும், அவருடையது எனக்கு வந்திருக்கும். கான்ராடு, கேம்ஷாஃப்ட், ஹெட் எல்லாமே இந்த வகைதான்.

இப்போது நான் எதைக் கொடுத்தாலும் கல் படாத இடத்தில் டாட் பஞ்சால் மூன்று புள்ளி வைத்துவிடுகிறேன், கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுக்கிறேன், ஜர்னல் அளவைச் சீட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குகிறேன். முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். வாங்கி வரும்போது அங்கேயே மைக்ரோமீட்டரை வைத்து ஜர்னலின் இரண்டு முனையிலும் அளந்து காட்டச் சொல்லுங்கள், பேரிங் முதுகைப் பாருங்கள், பெட்டியை நம்பாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். பட்டறைக்குக் கொடுத்த காசு ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சரக்கு வண்டி ஆயிற்றே என்று யோசித்தேன், சொந்தப் பிழைப்புக்கு ஓட்டுகிறவன் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது. என் கையில் இருப்பது பென்சில் சீட்டும் ஜிபேயில் அனுப்பிய மூவாயிரத்தின் ரசீதும் பூனைப் படமும்தான். அதை வைத்துத்தான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வண்டிக்கு 9,500 கொடுத்து வேறொரு கிராங்க் போட்டாகிவிட்டது, இந்த முறை அளந்து. ஓடுகிறது. முன்பக்க வெயிட்டில் அரைநிலா மாதிரித் தழும்போடு ஒரு 207 கிராங்க் உங்கள் பக்கம் எங்காவது கழற்றப்பட்டால் கமென்ட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.