புரோட்டீன் ஷேக், பார், தயிர்: பத்தாவது நாளும் சலிக்காதது எது?

வாங்கிய முதல் நாள் எந்தப் புரோட்டீன் பவுடரும் நன்றாகத்தான் இருக்கும். பத்தாவது நாள் ஷேக்கரைக் கையில் எடுக்கும்போது "இன்னைக்கு வேண்டாம்" என்று தோன்றுகிறதா இல்லையா, அதுதான் என் அளவுகோல். பாதி மட்டுமே தீர்ந்த இரண்டு டப்பாக்களைத் தூக்கிப் போட்டபோது மனசு கேட்கவில்லை, அதன் பிறகுதான் எது ஏன் திகட்டுகிறது என்று கவனிக்கவே ஆரம்பித்தேன்.

முதலில் பானங்கள். பவுடர்களில் வரும் வே, கேசீன் என்ற இரண்டு புரதங்களுமே பாலில் இருந்து வருகின்றன. பால் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசீன், 20 சதவீதம் வே. ஆனால் வாயில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. வே சட்டென்று கரையும், மெலிதாக இருக்கும். கேசீன் தண்ணீரை இழுத்துக் கெட்டியாகிவிடும், ஷேக்கரில் ஐந்து நிமிடம் விட்டால் கூழைக் குடிப்பது போல இருக்கும். அதையே கொஞ்சம் பாலில் ஸ்பூனால் குழைத்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், வழவழவென்று புட்டிங் மாதிரி இறுகி நிற்கும். எனவே குடிக்க வே, ஸ்பூனில் சாப்பிடக் கேசீன்.

வேயிலும் இரண்டு வகை. கான்சன்ட்ரேட்டில் புரதம் பெரும்பாலும் 80 சதவீதம் வரை, மீதியில் கொஞ்சம் கொழுப்பும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் இருப்பதால் பாலின் ருசி தங்கும். ஐசொலேட்டில் புரதம் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ருசி வெறிச்சென்று இருக்கும். பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஐசொலேட். சுவை மட்டும் கணக்கு என்றால் கான்சன்ட்ரேட்டைக் குளிர்ந்த பாலில் அடித்தால் அதற்கு ஈடில்லை. சூடான காபியில் நேராகக் கொட்டாதீர்கள், 70 டிகிரியைத் தாண்டினால் வே திரிந்து கட்டி தட்டும். குளிர்ந்த பாலில் பசை போலக் குழைத்து, அப்புறம் ஆறிய காபியை ஊற்றுங்கள்.

ஜூஸ் போலத் தெளிவாக இருக்கும் கிளியர் வே எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் ஒரு சிக்கல். அந்தத் தெளிவுக்காகப் பானத்தை நல்ல புளிப்பாக வைக்கிறார்கள். அந்தப் புளிப்பில் வே புரதம் எச்சிலில் உள்ள புரதங்களோடு சேர்ந்துகொள்ளும், நாக்கு காய்ந்தது போலத் துவர்க்கும். சொன்ன அளவைவிடக் கூடுதலாகத் தண்ணீர், நிறைய ஐஸ், இரண்டும் இருந்தால் துவர்ப்பு தாங்கக்கூடியதாகிவிடும்.

செடிவகைப் புரதங்களைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: வெனிலா வாங்காதீர்கள். பட்டாணிப் புரதத்தின் மண் வாடையும் சோயாவின் பச்சை வாடையும் வெனிலாவுக்கு அடங்காது. சோயாவில் அந்த வாடைக்குக் காரணம், பயறு உடையும்போது ஒரு நொதி அதிலுள்ள கொழுப்பைச் சிதைப்பதுதான். சாக்லேட்டும் காபியும் தாமே கசப்பு என்பதால் வாடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உறைய வைத்த வாழைப்பழம் பாதி, ஒரு ஸ்பூன் வேர்க்கடலை வெண்ணெய், சிட்டிகை உப்பு சேர்த்து மிக்ஸியில் அடித்தால் நறநறப்பும் போய்விடும்.

திகட்டலுக்குப் பெரும்பாலும் காரணம் புரதமே அல்ல, இனிப்பு. பவுடரில் சேர்க்கும் செயற்கை இனிப்பான சுக்ரலோஸ் சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு, குடித்து முடித்து வெகுநேரம் கழித்தும் தொண்டையில் நிற்கும். ஸ்டீவியா என்ற செடியிலிருந்து எடுக்கும் இனிப்பு கடைசியில் கசக்கும். இதற்கு நான் கண்ட ஒரே நல்ல வழி ஃப்ளேவர் இல்லாத பவுடர் வாங்கி, பழமோ கோகோவோ நாமே சேர்த்துக்கொள்வது.

சரி, தின்பண்டங்கள். பார் என்பது அவசரத்துக்கு நல்லது, தினசரிக்கு இல்லை. புதிதாக இருக்கும்போது மெத்தென்று இருக்கும், மாதங்கள் போகப் போக உள்ளே இறுகி, கடித்தால் கடைவாயில் அப்பிக்கொண்டு வராது. அதனால் சுவையைப் பார்ப்பதற்கு முன் தயாரித்த தேதியைப் பாருங்கள். இறுகிப்போனதை உறையைப் பிரித்துப் பத்து விநாடி மைக்ரோவேவில் வைத்தால் ஓரளவு மீளும். சர்க்கரை சேர்க்காத பார் என்றால் பெரும்பாலும் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிட்டால் என்ற இனிப்பு இருக்கும், இரண்டு சாப்பிட்டால் வயிறு உப்பும். கொட்டைகளை அப்படியே பிணைத்த பார் ருசியில் மேல், புரதத்தில் கீழ்.

இத்தனைக்கும் மேலாக நான் வைப்பது கிரீக் யோகர்ட் என்று விற்கும் வடிகட்டிய தயிரை. 100 கிராமில் சுமார் 10 கிராம் புரதம், 200 கிராம் சாப்பிட்டால் ஒரு பாருக்குச் சமம், கேனில் வரும் ஷேக்கின் காய்ச்சிய வாடையும் கிடையாது. இனிப்பு சேர்க்காததை வாங்கி ஒரு நாள் பழம், ஒரு நாள் உப்பும் மிளகும் என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

முட்டையில் ஒன்றுக்கு 6 கிராம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேர்க்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் இருந்தாலும் கலோரி 570 வரை போகும், ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். வறுத்த கொண்டைக்கடலை அந்த விஷயத்தில் தேவலாம், மொறுமொறுப்புக்கு ஏங்கும் நாளில் புரோட்டீன் சிப்ஸைவிட அதைத்தான் எடுப்பேன்.

புதுப் பவுடர் எதுவானாலும் முதலில் ஒரு வேளைக்கான சின்னப் பாக்கெட்டுகள் நாலைந்து வாங்கி, தொடர்ந்து நாலைந்து நாள் அதையே குடித்துப் பாருங்கள், பெரிய டப்பாவை அதன் பிறகு எடுக்கலாம்.