720-ல் முள்ளை நிறுத்தினால்

ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடையில் 1,250 ரூபாய் கொடுத்து மூன்று பேண்ட் ரேடியோ ஒன்று வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. பிராண்ட் பெயரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, ஒரே பெட்டிக்கு நாலு பெயர் ஒட்டி அந்தத் தெரு முழுக்க விற்கிறார்கள். மரக் கலரில் பிளாஸ்டிக், வலப்பக்கம் திருகு, இழுத்தால் நீளும் ஏரியல், பக்கவாட்டில் ஒரு டார்ச் லைட் (எதற்கு என்று கேட்காதீர்கள்), பென் டிரைவ், புளூடூத் எல்லாம் உண்டு. எனக்கு வேண்டியது மீடியம் வேவ் மட்டும், சென்னை வானொலி வருகிற அலைவரிசை. கேட்டதும் கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எஃப்எம் சூப்பரா எடுக்கும் சார்" என்றான்.

ஏன் மீடியம் வேவ் என்றால், பாப்பா மலர்தான். அந்தக் காலத்தில் சென்னை வானொலியில் ஞாயிற்றுக்கிழமை வந்த பிள்ளைகள் நிகழ்ச்சி. எண்பதுகளில் திண்டிவனம் பக்கத்து ஊரில் வளர்ந்த எனக்கு மெட்ராஸ் என்றால் கடற்கரையும் இல்லை, எல்.ஐ.சி. கட்டடமும் இல்லை, அதை நடத்துகிற வானொலி அண்ணா இருக்கிற ஊர், அவ்வளவுதான். அவர் பெயர் கூத்தபிரான் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கும், அப்பாவின் டிரான்சிஸ்டர் பொத்தல் பொத்தலாக ஓட்டை போட்ட தோல் உறையோடு ஆணியில் தொங்கும், நானும் அக்காவும் அதன் கீழே கழுத்தை அண்ணாந்துகொண்டு நிற்போம். இறக்கி வைத்தால் ஸ்டேஷன் போய்விடும் என்பது அப்பாவின் சட்டம்.

கதை, பாட்டு, விடுகதை, குட்டி நாடகம், இவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் பேசினது பிள்ளைகள். ஒரு பையன் பாதியில் வசனத்தை மறந்து மூச்சு வாங்குவான், ஒரு பெண் மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து கத்துவாள், அண்ணா அதைச் சமாளித்துக் கதையை இழுத்துக்கொண்டு போவார். இன்றைக்கு டிவியில் ஏழு வயசுப் பிள்ளை பெரியவர்கள் எழுதிக் கொடுத்த பஞ்ச் டயலாக்கை விரலை ஆட்டிச் சொல்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூச்சு வாங்கின பையன்தான் ஞாபகம் வருவான். அவன் குரல் பக்கத்து வீட்டுப் பையன் குரல் மாதிரியே இருக்கும்.

நமக்கு அண்ணா என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் மாமா. இலங்கை வானொலியில் சிறுவர் மலர் நடத்திய சரவணமுத்துவை அங்கே வானொலி மாமா என்பார்கள். நமக்கெல்லாம் தெரிந்த அறிவிப்பாளர் பி.எச்.அப்துல் ஹமீது சிறுவனாக வானொலிக்குள் நுழைந்தது அந்த நிகழ்ச்சி வழியாகத்தான். ராமநாதபுரம் பக்கத்து நண்பன் ஒருவன் தனக்கு அண்ணாவும் உண்டு மாமாவும் உண்டு என்று இன்னமும் பீற்றிக்கொள்வான்.

சரி, ரேடியோவுக்கு வருவோம். முதல் நாள் ஹாலில் வைத்துப் போட்டதும் ஒரே கொர்ர்ர். பணம் போச்சு என்றே நினைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் குற்றவாளி ரேடியோ இல்லை, வீடு. மொபைல் சார்ஜரைப் பிடுங்கினதும் பாதி இரைச்சல் போனது, எல்இடி பல்பை அணைத்ததும் மீதியில் பாதி. இந்தச் சாதனங்களின் உள்ளே கரண்டை வேகமாக வெட்டி வெட்டித் தரும் சர்க்யூட் இருக்கிறது, அதன் குப்பையெல்லாம் மீடியம் வேவில்தான் வந்து விழும். இன்னொன்று, ஏரியலை எவ்வளவு இழுத்தாலும் மீடியம் வேவுக்கு ஒன்றும் ஆகாது, அது எஃப்எம்முக்கும் ஷார்ட் வேவுக்கும்தான். மீடியம் வேவுக்குப் பெட்டிக்குள்ளேயே செம்புக் கம்பி சுற்றிய கறுப்புக் குச்சி ஒன்று படுத்திருக்கிறது. அதற்குத் திசை முக்கியம், ஆகவே பெட்டியையே மெல்லத் திருப்ப வேண்டும். அப்பா ஆணியை விட்டு இறக்க விடாததற்கு இதுதான் காரணம் என்று நாற்பது வருஷம் கழித்துப் புரிந்தது.

மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கிழக்கு மேற்காகத் திருப்பினேன், சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் கணீரென்று வந்துவிட்டது. ஆனால் முள் நிற்பது 680-ல். டயல் அச்சு அவ்வளவு அலட்சியம், ஒரு பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் திருச்சி 936 கூட அலை அலையாக ஏறி இறங்கிக் கேட்கிறது.

ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமாப் பாட்டுக்கு லாயக்கில்லை, பேஸ் சுத்தமாகக் கிடையாது. பேச்சுக் குரலும் வயலினும் மட்டும் அருமை. விடியற்காலையில் அந்த ஆகாசவாணி முகப்பு இசை, வால்டர் காஃப்மன் என்ற செக் நாட்டுக்காரர் 1930களில் அமைத்தது, தம்பூராவுக்கு மேல் வயலின் ஏறுமே, அது இந்தப் பெட்டியில் வருகிற மாதிரி என் விலை உயர்ந்த புளூடூத் ஸ்பீக்கரில் வரவில்லை. பழக்க தோஷமாகவும் இருக்கலாம்.

பாட்டரிதான் பெரிய குறை. உள்ளே இருக்கிற சார்ஜ் பாட்டரி நாலு மணி நேரம் தாங்கும் என்றார்கள், இரண்டரைக்கே குரல் கம்முகிறது. சார்ஜில் போட்டுக்கொண்டே கேட்டால் மறுபடி கொர்ர்ர். டார்ச் செல் போடவும் இடம் இருக்கிறது, அதுதான் வழி. எனக்கும் பாட்டரிக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒருமுறை 15 பைசா கார்டில் ஒரு விடுகதை எழுதிப் பாப்பா மலருக்குப் போட்டேன். அடுத்த ஞாயிறு டிரான்சிஸ்டர் ஈனஸ்வரத்தில் முனக, செல்லைக் கழற்றி வெயிலில் காயவைத்து மறுபடி போட்டால், நிகழ்ச்சி முடிந்து வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என் பெயரை வாசித்தார்களா இல்லையா என்பது இந்த நிமிஷம் வரை தெரியாது.

அக்கா பெண்ணின் மகள் எட்டு வயசு, விடுமுறைக்கு வந்திருந்தாள். மாடியில் உட்காரவைத்துத் திருகைக் கையில் கொடுத்தேன். பாட்டைக் கேட்பதை விட இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே வருகிற உய்ங் சத்தம்தான் அவளுக்குப் பிடித்திருந்தது, அரைமணி நேரம் அதையே திருகிக்கொண்டிருந்தாள். சந்தடி சாக்கில் என் விடுகதையைப் போட்டேன். அடிக்கவில்லை, திட்டவில்லை, ஆனாலும் அழவைப்பாள், யார் அவள்?

"வெங்காயம். இது எங்க புக்குலயே இருக்கு தாத்தா" என்றாள், திருகிலிருந்து கையை எடுக்காமலே.