பிரேத பரிசோதனைக்கு முன் ஒரு எக்ஸ்ரே: மட்டக்களப்பில் எங்களுக்குக் கிடைத்த சேவை

மூன்று மாதக் குழந்தையொன்று இரவில் பால் குடித்து உறங்கி, விடியற்காலையில் எழும்பாமற் போனால், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அதற்குரிய காரணம் யாரும் தேடாமலே வந்து சேர்ந்துவிடும்: பால் புரைக்கேறிவிட்டது. என் தங்கையின் மகனுக்கும் வாவியைக் கடந்து வைத்தியசாலைக்குப் போய்ச் சேருமுன்னரே அதைச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல்லின் பாரம் பால் கொடுத்தவளின் தலையில்தான் இறங்குகிறது என்பதை அன்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

திடீர் மரண விசாரணை அதிகாரியின் கட்டளைப்படி உடல் சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டு, உடற்கூற்றுப் பரிசோதனைக்கு முன்னதாக, எலும்பு முறிவு ஏதும் உண்டா என்று பார்க்க எக்ஸ்ரே பிரிவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சில குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் வைத்தியசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

படம் எடுத்த விதத்தில் எனக்குக் குறையில்லை. சிறிய உடல்தானே என்று முழுக் குழந்தையையும் ஒரே படத்தில் அடக்கிவிடுவது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அப்படி எடுத்த படத்தில் மூட்டுகளை அண்டிய நுண்ணிய முறிவுகள் தெரியாமற் போகலாம். இங்கே மண்டையோடு, நெஞ்சு, முதுகெலும்பு, கை, கால் என்று பாகம் பாகமாகவும், விலா எலும்புகளைச் சாய்வாகத் தனியாகவும் எடுத்தார்கள். பொறுப்பாயிருந்த உத்தியோகத்தர் குழந்தையை உயிருள்ள பிள்ளையைப் போலவே துணியில் தாங்கிப் பிடித்ததை, கதவோரம் நின்ற நான் கண்டேன்.

முச்சக்கர வண்டியில் வரும்போது யாராவது நெஞ்சை அழுத்தினீர்களா என்று அவர் கேட்டபோது மட்டும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எங்களைச் சந்தேகிக்கிறார்கள் என்றே நினைத்தேன். பின்னர்தான் விளங்கியது: உயிர்ப்பிக்க முயன்று அழுத்தும்போதும் சில வேளை விலா எலும்பின் முன்பகுதி முறியக்கூடும், முதுகெலும்பையொட்டிய பின்பக்க முறிவோ, நெஞ்சை இறுக்கிப் பிடித்து நசுக்கினார்களா என்ற வேறொரு கேள்வியை எழுப்பும். முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் படத்தை வாசிப்பவர் இரண்டையும் குழப்பாமல் பிரித்தறிவார். கேள்வி எங்களுக்குப் பாதுகாப்பாகவே கேட்கப்பட்டது. அதை ஒரு வரியில் அப்போதே சொல்லியிருக்கலாம்.

"படம் எடுத்தாச்சுத்தானே, இனி ஏன் பிள்ளையை வெட்டுறீங்க?" என்று அம்மா அழுதார். இதற்கு யாராவது அமர்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சேவையின் பெரிய குறை இதுவே. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். இதயத் தசையின் அழற்சியையோ, இரத்தத்தில் பரவிய கிருமியையோ, பிறவியிலேயே உள்ள வளர்சிதைமாற்றக் கோளாற்றையோ காட்டாது. சி.டி. எடுத்தாலும், இறந்த பின் நுரையீரலில் தேங்கும் இரத்தமும் நீரும் நிமோனியாவைப் போலவே தோற்றமளித்து ஏமாற்றக்கூடும். உடலைத் திறக்காமல் முடிவு காண இயலுமா என்று லண்டனில் 400 உடல்களை ஆராய்ந்து, 2013இல் 'த லான்செட்' சஞ்சிகையில் வெளியிட்டிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. படத்துடன் இரத்தப் பரிசோதனை முதலானவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்த 400இல் அடங்கிய கைக்குழந்தைகள் 53 பேரில் 45 பேருக்கு உடற்கூற்றுப் பரிசோதனையின் முடிவே கிடைத்தது. மீதி எட்டுப் பேரை நினைத்தால், படத்தோடு நிறுத்திவிடும்படி நாங்கள் கேட்டது சரியல்ல என்று இப்போது தோன்றுகிறது.

எழுத்து மூல அறிக்கைக்கு ஏழு வாரம் காத்திருந்தோம். ஆய்வுகூட முடிவுகள் தாமதமாகும் என்பது புரிகிறது. ஆனால் எக்ஸ்ரேயில் முறிவு எதுவுமில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தும், மூன்றாவது தடவை நாங்களாகச் சென்று கேட்ட பின்னரே சொன்னார்கள். அந்தச் செய்தி கிடைக்காததால் தங்கையின் கணவர் அத்தனை நாளும் பொலிஸாரின் முகத்தைப் பார்க்கவே அஞ்சியிருந்தார்.

அறிக்கையை விளக்கிய வைத்தியருக்கு முழு மதிப்பெண் தருவேன். "அப்ப, பால் புரைக்கேறல்லையா மகன்?" என்று அம்மா கேட்டார். மரணிக்கும் தறுவாயிலும், உயிர்ப்பிக்க முயலும்போதும் வயிற்றிலுள்ள பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகலாம், ஆகவே அங்கே பால் இருப்பது மட்டுமே மரணத்துக்குக் காரணமாகாது என்று அவர் அம்மாவுக்குப் புரியும் தமிழில் சொன்னார். எல்லாப் பரிசோதனையும், வீட்டுச் சூழல் விசாரணையும் முடிந்த பிறகும் காரணம் அகப்படாத இத்தகைய மரணங்கள் இரண்டு முதல் நான்கு மாத வயதிலேயே அதிகம் என்றும், அடுத்த பிள்ளையை எப்போதும் மல்லாக்கவே, தலையணையின்றி உறங்க வைக்கும்படியும் கூறினார். போகும்போது தங்கையை மட்டும் சற்று இருக்கச் சொல்லி, அதே விளக்கத்தை அவளுக்கு இன்னொரு தடவை, முதலிலிருந்து சொன்னார்.